எட்டு வருடம், இரண்டு பாஸ் படகுகள்: எடை எனக்குக் கற்றுக்கொடுத்தது

பாஸ் என்ற மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கான படகுகள் இவை. முதல் படகு 17 அடி அலுமினியம், தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்தது. ஐந்து வருடம் ஓட்டினேன். இப்போது இருப்பது 19 அடி ஃபைபர் கிளாஸ். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இரண்டையும் நானே இழுத்து, நானே கழுவி, நானே திட்டியிருக்கிறேன்.

அலுமினியம் வாங்கியதற்கு ஒரே காரணம், லேசு. சின்ன வண்டியே இழுத்தது, 60 குதிரைத்திறன் இன்ஜின் போதுமானதாக இருந்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில், மூழ்கிய மரக்கட்டைகளுக்கு நடுவே தயங்காமல் நுழைவேன். பாறையில் இடித்தால் தகடு நசுங்கும், அவ்வளவுதான்.

ஆனால் பாஸ் பிடிக்கிறவன் நாளில் பாதியை முன்தளத்தில் நின்று, டிரோலிங் மோட்டாரால் (பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார்) படகை ஓரிடத்தில் நிறுத்தியபடியே கழிக்கிறான். லேசான படகைக் காற்று சருகு மாதிரி தள்ளும். மூக்கைத் திருப்பித் திருப்பியே மதியத்துக்குள் பேட்டரி காலி. சின்ன அலைகூட தகட்டில் தப் தப்பென்று அறையும். அந்தச் சத்தத்தில் மீன் கலையும் என்பது என் எண்ணம். கலையாது என்று சொல்லும் நண்பர்களும் உண்டு.

நான்காம் வருடம் வேகம் குறைய ஆரம்பித்தது. மணிக்கு 53 கி.மீ. தொட்ட படகு 46-க்கே திணறியது. புரொப்பெல்லரை மாற்றினேன், ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. வாங்கிய வாரமே, டிரெய்லர் டயருக்காக, எடை மேடையில் ஏற்றிக் குறித்து வைத்திருந்தேன். மறுபடி ஏற்றினால் 130 கிலோ கூடுதல்! சாமான் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் ஏற்றியிருந்தேன். தளத்தைப் பெயர்த்துப் பார்த்தபோது அடியில் இருந்த மிதவை ஃபோம் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அலை அறைந்து அறைந்து ரிவெட்டுகள் தளர்ந்து, கசிவு சொட்டுச் சொட்டாக உள்ளே போயிருக்கிறது. நல்ல ஃபோம் சீக்கிரம் தண்ணீர் குடிக்காது. ஆனால் வருடக்கணக்கில் அதிர்ந்து நொறுங்கி, தேங்கிய நீரிலேயே கிடந்தால் குடித்துவிடும். குடித்தது எளிதில் காயவும் செய்யாது.

அடுத்ததற்கு வெல்டிங் செய்த அலுமினியமும் பார்த்தேன். ரிவெட் தொல்லை இல்லை, 2.5 மி.மீ.க்குப் பதில் 3.2 மி.மீ. தகடு. சரி, ஆனால் நான் போவது அகன்ற நீர்ப்பரப்பு. தகட்டை ஓரளவுக்குத்தான் வளைக்க முடியும். ஃபைபரை அச்சில் வார்ப்பதால் அடிப்பகுதியின் V வடிவத்தை நினைத்தபடி கொண்டுவரலாம். அலையை அறையாமல் பிளந்துகொண்டு போவது அதனால்தான். எடையும் அங்கே கைகொடுக்கிறது.

அதற்காக கனமானது எல்லாம் உறுதியானது என்று நம்பிவிட வேண்டாம். ஃபைபரில் பலம் தருவது கண்ணாடி இழை. இழையை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் அளவுக்கு மேல் போனால் எடைதான் ஏறும், பலம் ஏறாது. பழைய படகாக இருந்தால் இன்ஜின் மாட்டும் பின்பலகையை, அதாவது டிரான்சத்தை, முதலில் பாருங்கள். உள்ளே மரம் வைத்துக் கட்டியது என்றால் திருகு ஓட்டை வழியே நீர் இறங்கி உளுத்திருக்கலாம். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் நடையைக் கட்டுங்கள். இன்ஜினின் அடிப்பகுதியைப் பிடித்து அழுத்தும்போது பலகை அசைகிறதா என்றும் கவனியுங்கள்.

இன்னொன்று, விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் வெறும் உடலின் எடை. என்னுடையது 680 கிலோ என்று அச்சிட்டிருந்தார்கள். 150 குதிரைத்திறன் இன்ஜின் 210, நூறு லிட்டர் பெட்ரோல் 74, மூன்று ஈய பேட்டரி 84, மீன் தொட்டித் தண்ணீர் 100, இரண்டு ஆள், சாமான் எல்லாம் சேர்த்தால் 1,350-ஐத் தாண்டுகிறது. டிரெய்லரையும் இழுக்கும் வண்டியையும் விளம்பர எடையை வைத்து அல்ல, இதில் ஆளும் தொட்டித் தண்ணீரும் போக மிஞ்சுவதோடு டிரெய்லரின் எடையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றினேன். பின்பக்கம் 45 கிலோ குறைந்தது, படகு நீரின் மேல் எழும் நேரம் கண்கூடாகக் குறைந்தது.

மூன்று வருடத்தில் காற்றைப் பற்றிப் புலம்பியதில்லை. கட்டைகள் நிறைந்த ஓடைகள்தான் கைவிட்டுப் போயின. ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் கீறிவிடுமே என்று நினைத்துக்கொண்டு ஓடையின் வாயிலிலேயே நிறுத்தி, உள்ளே எட்டுகிற மட்டும் தூண்டிலை வீசுகிறேன்.