சிப்கைடு இணையப் பட்டியல்: எழுத்துப் பொறித்த பழைய போக்கர் சிப்புகளுக்கு விலை தேடியபோது

சின்சினாட்டியின் புறநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வசிக்கும் அம்மையார், கணவர் காலமான பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போக முடிவெடுத்தார். பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்து, இதற்கு என்ன விலை கேட்கலாம் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பெட்டிக்குள் சுமார் முந்நூறு போக்கர் சிப்புகள், அதாவது போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிறு வட்டுகள், இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தங்கநிறத் தாள் அழுத்தி மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அடித்தட்டில் கிடந்த பதினான்கு சிப்புகளில் மட்டும் எழுத்துகள் வேறாக இருந்தன. அந்தப் பதினான்கை நான் முதல் நாள் கவனிக்கவே இல்லை.

முதலில், புகைப்படம் அனுப்பினால் மதிப்பீடு தருவதாகச் சொல்லும் கட்டணச் சேவை ஒன்றை நாடினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: பழைய களிமண் சிப் தொகுப்பு, மதிப்பு நானூறு டாலர். எந்தக் காலத்தைச் சேர்ந்தது, யார் தயாரித்தது, அந்த எழுத்துகள் யாருடையவை என்று ஒரு வரியும் அதில் இல்லை. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோது, இதே போன்ற பெட்டிகளுக்கு விற்பவர்கள் கேட்கும் விலை அதுதான் என்று தெரிந்தது. அந்த விலைக்கு வாங்க ஆளில்லாமல் அவை மாதக்கணக்கில் கிடந்தன. கேட்கும் விலையை மதிப்பு என்று ஒரு முதியவரிடம் சொல்வது, அவரை வீண் நம்பிக்கையில் காத்திருக்க வைப்பதாகும். அந்தச் சேவையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகுதான் சிப்கைடு என்ற இணையப் பட்டியலுக்கு வந்தேன். 1988இல் தொடங்கிய அமெரிக்க கசினோ சிப் சேகரிப்பாளர் சங்கத்தோடு இணைந்த மியூசியம் ஆஃப் கேமிங் ஹிஸ்டரி என்ற சூதாட்ட வரலாற்று அருங்காட்சியகம் இதை நடத்துகிறது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மாநிலம், நகரம், சூதாட்ட விடுதி என்ற வரிசையில் சிப்புகளின் படங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் நிறம், விளிம்பில் பதித்த வேற்றுநிறத் துண்டுகள், பொறித்த எழுத்து, அச்சின் வகை ஆகியவை குறிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் அச்சின் வகையைத்தான் நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. களிமண்ணும் பிற பொருள்களும் கலந்த கலவையை அச்சில் அழுத்தும்போது, சிப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு சிறு வேலைப்பாடு விழுகிறது. அது தயாரித்தவரின் அடையாளம் போன்றது. சிறு கிரீடங்கள் சுற்றி வந்தால் லாஸ் ஏஞ்சலிஸின் டி.ஆர். கிங் நிறுவனம் நினைவுக்கு வரும். தொப்பியும் கைத்தடியும் இருந்தால் அது லாஸ் வேகாஸின் பால்சன். அந்த நிறுவனம் 1963இல்தான் தொடங்கியது என்பதால், அத்தகைய சிப்பை 1930களின் பொருள் என்று விற்க முடியாது.

மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, பூதக்கண்ணாடியில் சிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரிய தொகுப்பின் ஓரம் வழவழப்பாக, எந்த வேலைப்பாடும் இன்றி இருந்தது. மூன்று எழுத்துகளில் நடு எழுத்து பெரிதாக இருந்தது. நமக்கு இனிஷியல் என்றால் பெயருக்கு முன்னால் வரும் தந்தையின் எழுத்து. அமெரிக்கர்களின் பெயரெழுத்து முத்திரையிலோ, பெரிதாக நிற்கும் நடு எழுத்துதான் குடும்பப் பெயரின் முதலெழுத்து. அது அந்த அம்மையாருடைய மாமனாரின் பெயரோடு சரியாகப் பொருந்தியது. ஆகவே அது வீட்டில் ஆடுவதற்கென்று செய்வித்த தொகுப்பு. இத்தகையவற்றில் எழுத்து மதிப்பைக் கூட்டுவதில்லை, பெரும்பாலும் குறைக்கவே செய்கிறது; ஆட விரும்பி வாங்குபவருக்கு இன்னொருவர் பெயர் தேவையில்லை, சேகரிப்பவருக்கு அந்தக் குடும்பத்தின் கதை தெரியாது.

அந்தப் பதினான்கின் நிலை வேறு. அவற்றில் இரண்டே எழுத்துகள், இரண்டும் ஒரே அளவு. ஓரத்தில் சதுரமும் சாய்சதுரமும் மாறி மாறி ஓடின. எங்கள் ஊருக்கு எதிரே, ஒஹாயோ ஆற்றின் மறுகரையில் இருக்கும் கென்டக்கியின் நியூபோர்ட் நகரம், 1961ஆம் ஆண்டின் சீர்திருத்த அலை வரும்வரை சட்டவிரோதச் சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. இத்தகைய விடுதிகள் பல தங்கள் சிப்புகளில் முழுப்பெயரைப் பொறிக்காமல் வெறும் எழுத்துகளையே பொறித்தன. காவல்துறை சோதனையிட்டாலும் சிப்பை மட்டும் வைத்து விடுதியை எளிதில் காட்டிக்கொடுக்க முடியாது. ஆகவே வீட்டுச் சிப்பும் விடுதிச் சிப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுத்து யாருடையது என்று தெரிந்தால்தான் விலை உண்டு. சிப் தயாரித்த சில நிறுவனங்களின் பழைய ஆர்டர் அட்டைகள் சேகரிப்பாளர்களிடம் தப்பிப் பிழைத்திருப்பதால்தான் இத்தகைய எழுத்துகள் பலவற்றுக்கு இன்று உரிமையாளர் தெரிகிறது. சிப்கைடில் நியூபோர்ட்டுக்கான பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், அதே இரண்டு எழுத்தும் அதே ஓர வேலைப்பாடும் கொண்ட பழுப்புநிறச் சிப் ஒன்று திரையில் வந்தபோது, உடனே எழுந்துபோய் அந்த அம்மையாரின் கதவைத் தட்டினேன். கணவரின் சித்தப்பா நியூபோர்ட்டில் சுருட்டுக்கடை வைத்திருந்தார் என்று அவர் அப்போதுதான் சொன்னார்.

குறைகளும் உண்டு. நகரம் தெரியாமல் எழுத்து மட்டும் தெரிந்தவருக்கு இந்தத் தேடல் நீண்டதாகும். எனக்கு ஊர் பக்கத்திலேயே இருந்தது உதவியது. உறுப்பினர்கள் அனுப்பிய படங்கள் என்பதால் தரம் ஒரே சீராக இல்லை. ஒரு சிப் பட்டியலில் இல்லை என்பதால் அது அரியது என்று எண்ணிவிடவும் கூடாது, பெரும்பாலும் அது யாரோ ஒருவர் வீட்டுச் சிப்பாகத்தான் இருக்கும்.

அடையாளம் தெரிந்த பிறகு, ஈபே என்ற இணையச் சந்தையில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் பயன்படுத்தினேன். அது அண்மைய மூன்று மாத விற்பனையைக் காட்டுகிறது. வீட்டுத் தொகுப்புகள் நூறு சிப்புக்கு இருபது, முப்பது டாலருக்குப் போயிருந்தன. ஒரு சிப் எட்டு கிராம் என்று வைத்தாலும் முந்நூறுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஆகிவிடும். அஞ்சல் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுதிச் சிப்புகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது: சேகரிப்பவருக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்று போதும் என்பதால், பதினான்கையும் ஒரே வாரத்தில் இறக்கினால் கடைசியில் விற்பவை மிக மலிவாகப் போகும். எனவே மாதத்துக்கு ஒன்றிரண்டாக விற்கும்படி சொன்னேன்.

விற்பவர்கள் சிப்பைக் கழுவாமல் இருப்பது நல்லது. நான் ஒன்றை ஈரத்துணியால் சற்று அழுத்தித் துடைத்தபோது எழுத்தின் பொன்துகள் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது, இன்னும் வருந்துகிறேன். யானைத் தந்தத்தில் செய்த சிப் என்று சந்தேகம் வந்தால் விற்பனைக்கு வைப்பதற்கு முன்பே சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்: ஈபே 2009லிருந்து தந்தத்தை அனுமதிப்பதில்லை, அமெரிக்க அரசும் 2016இல் அதன் வணிகத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்துவிட்டது.

பெரிய தொகுப்பு மரப்பெட்டியோடு எழுபது டாலருக்கு உள்ளூரிலேயே போனது. பதினான்கில் இதுவரை மூன்று, ஒவ்வொன்றும் பன்னிரண்டு முதல் பதினெட்டு டாலர் வரை விற்றிருக்கின்றன. பொன்துகள் உதிர்ந்த அந்த ஒன்றை விற்கவில்லை. அம்மையார் அதை மகள் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்.