இன்ட் அரேயை நமக்கு வேண்டிய வரிசையில் அடுக்குவது: மூன்று வழிகள்

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் நண்டு நிறுக்கும் தராசிலிருந்து கிராம் கணக்கு நேரே ஜாவா இன்ட் அரேக்குள் (முழு எண்களின் பட்டியலுக்குள்) விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வியாபாரிக்குப் பெரிய நண்டு முதலில் வேண்டும். இன்னொருவருக்கு 200 கிராமை ஒட்டியவை முதலில். அடுக்கித் தரும் அரேஸ்.சார்ட்டில் இன்ட் அரேயோடு கம்பேரேட்டரையும் (எது முன்னே வரும் என்று சொல்லும் விதி) கொடுத்தால் கம்பைலர் ஏற்காது. கம்பேரேட்டருக்கு ஆப்ஜெக்ட் வேண்டும். இன்ட் ஆப்ஜெக்ட் இல்லை.

பலரும் முதலில் எடுப்பது இன்டீஜர் (இன்ட்டை உள்ளே வைத்த ஆப்ஜெக்ட்) அரேயாக மாற்றும் வழி. எந்த வரிசையும் எழுதலாம். உள்ளே ஓடுவது, சமமானவற்றின் வரிசையைக் கலைக்காத டிம்சார்ட் முறை என்பதால் 190-ம் 210-ம் போலச் சமதூரத்தில் நிற்பவை வந்த வரிசையிலேயே இருக்கும். ஆனால் ஜாவாவை ஓட்டும் 64 பிட் ஹாட்ஸ்பாட்டில் இன்ட் 4 பைட். இன்டீஜர் வழக்கமாக 16, அதைச் சுட்ட இன்னொரு 4. பத்து லட்சம் எண்ணுக்கு 4 எம்பி சுமார் 20 எம்பியாகும். ஒரு நாள் ஏலக் கணக்குக்கு இது ஒன்றுமே இல்லை, தாராளமாக எழுதுங்கள். கம்பேரேட்டரில் மட்டும் கழித்தல் போடாதீர்கள்; பெரிய நேர்எண்ணும் எதிர்எண்ணும் சந்தித்தால் விடை வழிந்து குறி மாறிவிடும். இன்டீஜர்.கம்பேர் போதும்.

இறங்குவரிசை மட்டும்தான் தேவையென்றால் ஏறுவரிசையில் அடுக்கி, இரு முனையிலிருந்தும் மாற்றிப் போடுங்கள். கலெக்‌ஷன்ஸ்.ரிவர்ஸுக்குள் அரேஸ்.அஸ்லிஸ்ட்டை வைத்தால் பிழையும் வராது, வேலையும் நடக்காது: முழு அரேயும் ஒரே உறுப்பாகப் போய்விடுகிறது. டபுள் அரே என்றால், கடைசியில் கிடந்த நேன் (எண்ணே அல்லாத) மதிப்புகள் திருப்பியதும் தலைமாட்டுக்கு வரும்.

200 கிராம் கேள்விக்கு, அதுவும் எண்கள் லட்சக்கணக்கில் என்றால், லாங் (64 பிட் முழு எண்) அரேதான் என் தேர்வு. மேல் 32 பிட்டில் 200-லிருந்து உள்ள தூரம், கீழ் 32 பிட்டில் எடை. சாதாரண சார்ட் ஓட்டி, இன்ட் ஆக்கினால் எடை திரும்பக் கிடைக்கும். ஓர் எண்ணுக்கு 8 பைட்தான். எடைக்குப் பதில் இன்டெக்ஸை வைத்தால் சமதூர வரிசையும் காப்பாற்றப்படும், எந்தக் கூடை என்பதும் தெரியும். கூடை எடையைக் கழிப்பதில் தவறி எதிர்எடை வந்தால்தான் வம்பு: லாங் ஆகும்போது குறி பிட் மேலே பரவி, இரு பாதியையும் சேர்க்க ஆர் செய்ததும் தூரத்தை அழித்துவிடும். எடையை, கீழ் 32 பிட் மட்டும் 1 ஆன லாங் எண்ணோடு முதலில் ஆண்ட் செய்துவிடுங்கள்; மேல் பிட்டுகள் 0 ஆகிவிடும்.

சொந்தமாகக் குவிக்சார்ட் எழுதுவதை விட்டுவிடலாம். கடைசி உறுப்பை பிவட்டாக (அரேயை இரண்டாகப் பிரிக்கும் எண்ணாக) எடுத்தால், ஏற்கெனவே அடுக்கிய அரேயில் அது என்-ஸ்கொயராக, அதாவது எண்ணிக்கையின் வர்க்க அளவுக்கு, இழுக்கும். ஃபாஸ்ட்யூட்டில் நூலகத்தின் இன்ட்அரேஸ், இன்ட்டுக்கென்றே உள்ள இன்ட்கம்பேரேட்டரை நேரடியாகவே வாங்கிக்கொள்கிறது.