உலையா, அமிலமா? பழைய லித்தியம் அயனி பேட்டரி போக வேண்டிய இடம்

ஆயுள் முடிந்த லித்தியம் அயனி பேட்டரியிலிருந்து உலோகங்களை மீட்கத் தொழிற்சாலைகள் கையாளும் முக்கிய வழிகள் இரண்டு: உருக்குவது, அமிலத்தில் கரைப்பது. நான் சாய்வது அமிலத்தின் பக்கம்தான். ஆனாலும் உலையின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சுமார் 1,400 டிகிரி செல்சியஸில் எரியும் உலை எதையும் பெரிதாகத் தரம் பிரிக்கச் சொல்வதில்லை. சிறிய பேட்டரிகளை உடைக்காமலே உள்ளே போடலாம். கோபால்ட், நிக்கல், செம்பு ஆகியவை கலப்புலோகமாக அடியில் திரளும். ஆனால் பேட்டரிக்குப் பெயர் தந்த லித்தியமோ கசடோடு போய்விடுகிறது. அதைத் திரும்ப எடுப்பது தனிப் பாடு. கிராஃபைட் எரிந்தே போகிறது. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பெருகிவரும் காலத்தில், உலைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் செம்புதான்.

அமில வழியில் பேட்டரியை அரைத்துக் கருந்தூளாக்கி, கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துக் கரைக்கிறார்கள். பிறகு கோபால்ட், நிக்கல், லித்தியம் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பேட்டரிக் கழிவிலுள்ள லித்தியத்தில் 2027 இறுதிக்குள் 50 சதவீதத்தையும் 2031 இறுதிக்குள் 80 சதவீதத்தையும் மீட்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். லித்தியத்தைக் கசடில் விட்டுவிடும் உலையால் மட்டும் அதை எட்ட முடியாது.

அஞ்ச வேண்டியது அரைக்கும் கட்டத்தை. மின்னேற்றம் மிச்சமுள்ள செல் கிழிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றும். செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுபொருளில் உள்ள லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு எழும். அது நுரையீரலை அரிக்கும், தோல் வழியாக ஊடுருவி எலும்பு வரை தாக்கும். அதனால்தான் முதலில் மின்னிறக்கம் செய்து, நைட்ரஜன் சூழலிலோ நீருக்கடியிலோ அரைக்கிறார்கள். இந்த ஏற்பாடுகளோ கழிவுநீர்ச் சுத்திகரிப்போ இல்லாமல், சுத்தியலால் உடைத்து வாளி அமிலத்தில் கொட்டுவதற்கு, புகை வடிகட்டி பொருத்திய உலை எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக, லித்தியம் அடங்கிய நேர்மின்முனைப் பொருளைச் சிதைக்காமல் இழந்த லித்தியத்தை மட்டும் நிரப்பும் முறையும் வளர்கிறது. ஆற்றல் மிச்சமாகும், ஆனால் ஒரே வகைப் பேட்டரிகளாகப் பிரித்துத் தர வேண்டும்.

எந்த வழியானாலும் பேட்டரி அங்கே பத்திரமாகச் சேர வேண்டுமே! குப்பை வண்டிக்குள் நசுங்கியே பல தீ விபத்துகள் நேர்கின்றன. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டிச் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். உப்பிப்போன பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம்; மற்றவற்றோடு சேர்க்காமல், எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் தனியே வைத்து, கொடுக்கும்போது அது உப்பியிருப்பதைச் சொல்லிவிடுங்கள்.