டபுள் கப்பில் நீளச் சாமான்: மேல் கரியரும் அந்த எக்ஸ்டென்டரும்

டபுள் கப், அதாவது முன்னால் இரண்டு வரிசை ஆட்கள் இருக்கும் கப்பும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வாகனம், வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். என்னுடைய ஹைலக்ஸின் பின்பெட்டி நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர், அதாவது ஐந்தடி. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) 20 அடி, பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) 20 அடி. பிவிசி பைப்பில் என் கைக்கு அதிகம் வருவது 13 அடி. ஐந்தடிப் பெட்டிக்குள் இவற்றை எப்படி வைப்பது என்பதுதான் வாகனம் வாங்கிய நாளிலிருந்து என் பிரச்சினை.

பட்டா (சின்ன லொறி) ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என் தொழில் கிணற்று மோட்டர் பூட்டுவதும் தோட்டங்களுக்குத் தூவல் குழாய் போடுவதும். யாழ்ப்பாணத்தில் நீர்வேலி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று செம்மண் தோட்டங்களுக்குள் இறங்க வேண்டும். மாரியில் அந்தச் செம்மண்ணுக்குள் நாலு சில்லும் இழுக்கிற வாகனம் இல்லாமல் போனால் திரும்பி வர முடியாது. வேலையாட்களும் உள்ளே இருந்து வர வேண்டும். அதனால் டபுள் கப் தான் சரி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது கையில் இருந்ததை மாற்றுவது என்ற பேச்சே எடுபடவில்லை. 2025 பெப்ரவரியில் திறந்த பிறகும் வரியையும் விலையையும் பார்த்துவிட்டு, இருக்கிற வாகனத்துக்கே இரும்பு அடிப்பதுதான் புத்தி என்று விட்டுவிட்டேன்.

கிளிநொச்சியில் இருக்கும் சின்னம்மாவின் மகன் போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: "அண்ணை, மேலை கரியர் அடிக்கிறதோ, பின்னாலை எக்ஸ்டென்டர் போடுறதோ? எது நல்லம்?" என்னிடம் இரண்டும் இருக்கின்றன. சில வருடங்களாக இரண்டையும் வைத்து வேலை செய்கிறேன். கரியரின் கால்கள் துருப்பிடித்து, இப்போதுதான் வெட்டி மாற்றி எடுத்தேன். ஆகவே சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் எக்ஸ்டென்டர். இழுவைக் கொழுக்கி செருகுவதற்காக வாகனத்தின் பின்னால் ஒரு சதுரக் குழாய் இருக்குமே, அதற்குள் செருகும் இரும்பு இது. பின்னால் கொஞ்சத் தூரம் ஓடி, மேலே எழும்பி, நுனியில் ஒரு குறுக்குச் சட்டத்தோடு நிற்கும். பின்கதவைக் கீழே இறக்கி, அதற்கு அப்பால் இந்தச் சட்டத்தின் மேல் சாமானைச் சாத்தினால் பெட்டியின் முன்சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீற்றருக்குத் தாங்கு கிடைக்கிறது.

நியாயமாகச் சொன்னால் இது மிக நல்ல யோசனை. வாகனத்தில் ஓர் ஓட்டைகூடப் போட வேண்டாம். சாமான் இடுப்பளவு உயரத்தில் இருக்கும், ஏற்றவும் இறக்கவும் தோள் நோகாது. பாரம் தாழ்வாக இருப்பதால் வாகனம் சாயாது, காற்றும் பிடிக்காது. 13 அடி பிவிசி, ஏணி, பனஞ்சிலாகை, வேலிக்குத் தகரம் என்று என் வேலையில் பெரும்பகுதியை இதுதான் சுமந்தது.

20 அடிக்கு மட்டும் இதை நம்பக்கூடாது. பைப்பின் நடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 13 அடி என்றால் நான்கு மீற்றர். அதன் நடு முன்சுவரிலிருந்து இரண்டாவது மீற்றரில் விழும், அது தாங்கலுக்கு உள்ளே. 20 அடி என்றால் ஆறு மீற்றர், நடு மூன்றாவது மீற்றரில். தாங்கும் சட்டம் இரண்டரையோடு முடிந்துவிடுகிறது. அப்போது பைப் பின்னால் சரியப் பார்க்கும், முன்முனை எழும்பும். முன்முனையைப் பெட்டிக்குள் கீழே இழுத்துக் கட்டலாம், ஆனால் பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் முன் சில்லுகள் இலேசாகும், ஸ்டியரிங் கையில் நிற்காது. ஒழுங்கைக்குள் திரும்பும்போது வேறு சிக்கல். நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் பைப்பின் வால் வலப்பக்கம் வீசும். எங்கள் ஒழுங்கைகளில் அந்தப் பக்கம் யாருடையதாவது மதிலோ கிடுகு வேலியோ நிச்சயம் இருக்கும்.

இதெல்லாம் கணக்குத் தெரிந்தால் சமாளிக்கக்கூடியவை. என்னால் சமாளிக்க முடியாதது அதன் ஆட்டமும் சத்தமும்.

சதுரக் குழாயின் உள்ளளவு இரண்டு அங்குலம். அதற்குள் போகும் இரும்பு கொஞ்சம் சிறிதாகத்தான் இருக்க முடியும், இல்லையென்றால் செருகவே இயலாது. குறுக்கே போகும் ஆணி அதை வெளியே வராமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். மேலும் கீழும், இடமும் வலமும் அது ஆடுவதை அந்த ஆணி தடுப்பதில்லை. வாயில் ஒன்றரை மில்லிமீற்றர் ஆட்டம் இருந்து, உள்ளே 15 சென்ரிமீற்றர் மட்டும் செருகி, வெளியே 90 சென்ரிமீற்றர் நீண்டு நின்றால், நுனியில் அது ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். பாரம் இருக்கும்போது அது கீழே அமுக்கிப் பிடிப்பதால் சத்தமே இல்லை. சாமானை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும்போதுதான் தொடங்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும், ஒவ்வொரு வேகத்தடைக்கும், வெறும் அண்டாவுக்குள் சம்மட்டி போட்டதுபோல ஓர் அடி. அது வாகனத்தின் அடிச் சட்டகத்தோடு சேர்ந்திருப்பதால் சத்தம் முழு வாகனத்துக்குள்ளும் வரும். பின்னால் இருக்கும் பெடியன்கள் பாட்டைக் கூட்டி வைப்பார்கள். எனக்கு அதுவும் சேர்ந்து தலையிடி.

வேலை முடிந்ததும் கழற்றி வைக்கலாமே என்பீர்கள். கழற்றலாம். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்குப் போகிறவன் ஒவ்வொரு இடத்திலும் கிரீஸ் கையோடு அதைக் கழற்றி, பெட்டிக்குள் போட்டு, அது உள்ளே உருண்டு மோட்டரில் இடிக்காமல் கட்டி வைத்து, மறுபடி பூட்ட முடியுமா?

நான் பார்க்காத வைத்தியம் இல்லை. சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினேன், கொஞ்சக் காலத்தில் இரும்பு அதை அரைத்துத் தூளாக்கிவிட்டது. தகரத் துண்டு செருகினேன், பண்ணைப் பாலத்துக்கும் வேலணைக்கும் இடையில் எங்கோ விழுந்துவிட்டது. யூ போல்ட் போட்டு வெளியிலிருந்து இறுக்கும் ஒரு பிடி உண்டு, அது உண்மையிலேயே வேலை செய்கிறது. இறுக்கினால் முழு அமைதி. ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்பனரோடு வாகனத்துக்குக் கீழே குனிய வேண்டும், உப்புக் காற்றில் அந்த நட் இறுகிப்போய் ஒரு நாள் கிரைண்டரால் வெட்டித்தான் எடுத்தோம். பிறகு ஒட்டு வேலை (வெல்டிங்) செய்பவர் ஒருவர் குழாயின் அடியில் நட் ஒன்றை ஒட்டி, கீழிருந்து ஒரு போல்ட் அழுத்துமாறு செய்து தந்தார். அருமையான வேலை. நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் போல்ட்டின் முனை உள்ளிரும்பில் குழி தோண்டி, ஆட்டம் பக்கவாட்டுக்கு மாறிவிட்டது. முன்பு டங் என்றது, இப்போது டக் டக் என்கிறது. இதை எழுதும்போதே கோபம் வருகிறது. இரண்டு பக்கமும் சாய்வாக அடித்து இறுக்கக்கூடிய ஒரு ஆப்பு அமைப்பைத் தயாரிப்பவர்களே சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இவ்வளவு நல்ல சாமானைச் செய்துவிட்டு, அதன் வாயை மட்டும் இப்படி விட்டிருக்கிறார்கள்.

சரி, மேல் கரியர்.

இதை கோண்டாவில் பக்கம் ஒட்டுக் கடையில் ஒன்றரை அங்குல ஜிஐ பொக்ஸ் பாரில் அடித்தேன். பெட்டியின் நான்கு மூலைகளிலும் கால்கள், முன்னால் கப்பின் கூரைக்கு மேலே நீண்டு நிற்கும் ஒரு கை. ஹைலக்ஸ் டபுள் கப்பின் மொத்த நீளம் 5.3 மீற்றருக்குச் சற்று மேல். ஆறு மீற்றர் பைப்பை மேலே வைத்தால் முன்னுக்கும் பின்னுக்குமாகச் சேர்த்து மூன்றடிகூட நீட்டாது. நீளச் சாமான் ஏற்றுகிறவனுக்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டாம். வாகனத்தின் நிழலுக்குள்ளேயே பைப் அடங்கிவிடுவதுபோலத்தான்.

அடிக்கும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கப்பும் பின்பெட்டியும் ஒரே உடம்பு இல்லை. இரண்டும் தனித்தனியாகச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மேடு பள்ளத்தில் சட்டகம் முறுகும்போது ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறு பக்கமும் அசையும். கப்பின் பின் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் அந்த இடைவெளி இருப்பது அதற்காகத்தான். முன் கையைக் கொண்டுபோய்க் கூரையில் போல்ட் போட்டுப் பூட்டினால் ஒன்று ஒட்டு வெடிக்கும், இல்லையென்றால் கூரைத் தகடு கிழியும். கை பெட்டியில் மட்டும் ஊன்றி, கூரைக்கு மேல் தொடாமல் நிற்க வேண்டும்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிஐ என்றால் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வார். துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை சரி. ஒட்டும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். தீவுப் பகுதிக்கும் ஆனையிறவுக்கும் அடிக்கடி ஓடுகிற வாகனத்துக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். என் கரியரில் கெட்டது கால்களின் அடி. பெட்டி கீறாமல் இருக்க வைத்த ரப்பர் துண்டுக்கு அடியில் ஈரமும் உப்பும் தங்கி, வெளியே தெரியாமலே தின்றிருக்கிறது. இப்போது அடிப்பாகத்தை வெட்டிப் புதிதாக ஒட்டி, ஒட்டின இடங்களைத் தேய்த்துத் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, ரப்பரில் நீர் வடிய இரண்டு வெட்டுப் போட்டிருக்கிறேன். இனி அதை அவ்வப்போது கழற்றிக் கழுவப் போகிறேன்.

கரியரிலும் குறை இருக்கிறது. காற்றில் விசிலடிக்கும். ஏ9 வீதியில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே தொடங்கும். முன் குறுக்குச் சட்டத்தைச் சுற்றிக் கயிற்றைப் புரிபோல இடைவெளி விட்டுச் சுற்றினேன், நின்றுவிட்டது. பைப்பின் திறந்த வாய்களும் ஊதும், அவற்றுக்குச் சாக்குத் துணி போதும். பாரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு அங்குல நடுத்தர ஜிஐ பைப் மீற்றருக்கு ஐந்து கிலோ, 20 அடிக்கு முப்பது கிலோ. பத்துப் பைப் ஏற்றினால் முந்நூறு கிலோ தலைக்கு மேலே. வளைவில் வாகனம் சாய்வது ஸ்டியரிங்கிலேயே தெரியும். நான் அப்படி ஏற்றுவதில்லை, இரண்டு நடையாகப் போவேன். இன்னொன்று, மாமரக் கிளையும் தொங்கும் தொலைபேசிக் கம்பியும். திருவிழாக் காலத்தில் தோரணங்களும். மேலே பைப் இருக்கும்போது கண் எப்போதும் மேலேயே இருக்க வேண்டும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் இந்தக் கரியரில்தான் கிடைத்தது. பின் குறுக்குச் சட்டத்தை உருண்டைப் பைப்பில் அடித்து, பூட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மூன்று அங்குல பிவிசித் துண்டு ஒன்றை இறுக்காமல் போட்டோம். அது உருளும். பைப்பின் ஒரு முனையைத் தூக்கி அதன் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நின்று தள்ளினால் அது தானாக முன்னுக்குப் போய்விடும். முன்பு இரண்டு பேர் தூக்கியதை இப்போது நான் ஒருவனே ஏற்றுகிறேன். ஸ்ரான்லி வீதி ஹாட்வெயார்க் கடை வாசலில் நின்றவர்கள் வந்து உருட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கட்டுவது எதில் என்றாலும் ஒன்றுதான். மேலால் மட்டும் கயிறு போட்டு இறுக்கினால் நடுப் பைப் வழுக்கும். கட்டு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டுப் பிறகுதான் சட்டத்தோடு கட்ட வேண்டும். சடாரென்று பிரேக் போட்டால் பைப் முன்னுக்கு ஈட்டியாகப் பாயும், முன்னால் யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது. அதனால் முன் கையில் ஒரு தடுப்புத் தகடு கட்டாயம். ராட்செட் பெல்ட் நல்லது, ஆனால் எங்கள் வெயிலில் கிடந்தால் நூல் உளுத்துப்போகும். விளிம்பு பிய்ந்த பெல்ட்டைத் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். பின்முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள், இருட்டினால் ஏற்றாதீர்கள்.

முடிவு என்ன என்று கேட்டால், செலவு, உயரம், துரு, காற்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எக்ஸ்டென்டர்தான் வெல்ல வேண்டும். அது மலிவு, வாகனத்தைத் தொடுவதில்லை, என் வேலையில் பாதிக்கு மேல் அதுதான் செய்தது. ஆனால் நான் மேல் கரியரைத்தான் போடச் சொல்லுவேன். கரியரின் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்த முடிந்தது. எக்ஸ்டென்டரின் அந்த ஒரு குறையைத் திருத்தவே முடியவில்லை. வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வரும் நேரத்தில்தான் அது அடிக்கத் தொடங்குகிறது, அதை என்னால் பொறுக்க முடியாது.

அப்படியும் எக்ஸ்டென்டர்தான் வேண்டும் என்றால், வாகனத்தைக் கடைக்கே கொண்டுபோங்கள். செருகி, ஆணியைப் போட்டு, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், பாரம் ஏற்றினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். வெறுமனே திரும்பி வரும்போது என்ன செய்வது என்று அவரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.