பல்லேடியமா, பிளாட்டினமா?

பல்லேடியத்தை யாராவது "மலிவு பிளாட்டினம்" என்றால் எனக்குக் கோபம் வரும். ஒரே உலோகக் குடும்பம், ஒரே வெள்ளை நிறம், அது சரி. ஆனால் கையில் வாங்கிய உடனே வித்தியாசம் தெரியும்: பிளாட்டினம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 21.45 கிராம், பல்லேடியம் 12 கிராம்தான், அதனால் ஒரே அளவில் செய்த பல்லேடிய மோதிரம் பிளாட்டின மோதிரத்தின் எடையில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் காட்டும்.

சூட்டையும் அமிலத்தையும் தாங்குவதில் பிளாட்டினத்துக்கே என் ஓட்டு. அது உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும், பல்லேடியத்துக்கு 1555 போதும். அடர் நைட்ரிக் அமிலத்தில் பல்லேடியம் மெல்லக் கரைந்து செம்பழுப்பாகும்; பிளாட்டினம் இராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) வரும்வரை அசையாது.

ஆனால் ஹைட்ரஜன் என்று வந்துவிட்டால் பல்லேடியத்தை அடிக்க ஆளே இல்லை. அறை வெப்பத்திலேயே தன் கன அளவைப் போல சுமார் 900 மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும், பஞ்சு தண்ணீரைக் குடிப்பது மாதிரி. வாயு மூலக்கூறு உலோகப் பரப்பில் பட்டதும் இரண்டு அணுக்களாகப் பிரிந்து உள்ளே நுழைகிறது, மறுபக்கம் வந்து மீண்டும் சேர்கிறது. வேறு வாயு எதுவும் இப்படிப் போக முடியாததால் மிகத் தூய ஹைட்ரஜனைப் பிரிக்க சூடாக்கிய பல்லேடியத் தகட்டைத்தான் வைக்கிறார்கள். சுத்தப் பல்லேடியம் ஹைட்ரஜன் ஏறி இறங்கும்போது உப்பிச் சுருங்கி விரிசல் விடும், அதனால் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக வெள்ளி கலப்பது வழக்கம்.

கார்ப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியில் பெட்ரோலுக்குப் பெரும்பாலும் பல்லேடியம், டீசலுக்கு முக்கியமாகப் பிளாட்டினம். விலை மட்டும் நம்ப முடியாதது: ரஷ்யா பெரிய உற்பத்தி நாடு என்பதால் உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் பல்லேடியம் அவுன்ஸுக்கு 3000 டாலரைத் தாண்டியது, பிறகு சரிந்தது.

அப்புறம் மருந்து. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தில் பிளாட்டினமே உடலுக்குள் போகிறது. பல்லேடியமோ கார்பனோடு கார்பனை இணைத்து மருந்தை உருவாக்கித் தருகிறது, அந்த வேதிவினைகளுக்காகத்தான் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் 2010-இல் நோபல். வேலை முடிந்ததும் அதை வடித்து எடுத்தே ஆக வேண்டும்: வாய்வழி மருந்தில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதியில்லை.