ஓஇடி கோச்சிங் சேரப் போகிறீர்களா? என் 38,000 போன கதை

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓஇடி என்பது நர்ஸ், டாக்டர் போன்றவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. அதற்குக் கோச்சிங் போன சென்டரின் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து இன்று மதியம்தான் என்னைத் தூக்கினார்கள். 38,000 ரூபாய்.

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கிலாந்தில் வேலை பார்க்க ஓஇடியில் கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் பி கிரேடு வேண்டும், எழுத்தில் சி பிளஸ் போதும். மார்த்தாண்டத்தில் ஒரு சென்டருக்கு அம்மாவோடு போனேன். சுவர் முழுக்க வெளிநாடு போன பிள்ளைகளின் போட்டோ. நடத்துகிறவர் அம்மாவுக்குச் சாயா வரவழைத்தார். என் டூட்டி நேரத்தைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டார். "மக்களே, பி எடுத்துத் தராம உன்ன விடமாட்டேன். கிடைக்கலைன்னா முழுப் பணமும் வாபஸ்" என்றார். எங்கள் பக்கம் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் அந்த 'மக்களே'யில் விழுந்தோம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் அதுவும் இல்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து மறுநாளே 38,000 கட்டினோம்.

ஓஇடி எழுத்துத் தேர்வில் நோயாளியின் கேஸ் நோட்ஸைப் பார்த்து 45 நிமிடத்தில் கடிதம் எழுத வேண்டும். அங்கே எழுதவைத்தது சுற்றுச்சூழல் மாசு பற்றிக் கட்டுரை. ஐஇஎல்டிஎஸ் என்ற வேறொரு பொது ஆங்கிலத் தேர்வின் நோட்ஸை அப்படியே ஓட்டியிருக்கிறார்கள்! பேச்சுத் தேர்வில் எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாகப் பேச வேண்டும். எங்களுக்கோ இரண்டு மாதம் சுயஅறிமுகம் மனப்பாடம். வார்டில் தினமும் இதே வேலை செய்கிற எனக்கு அப்போதே உறைக்கவில்லையே!

எழுத்தில் சி, பேச்சில் சி பிளஸ். பணம் கேட்டால் "சார் திருவனந்தபுரம் போயிருக்கார்", "திங்கள்கிழமை வாங்க". நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்றாவது முறை ரிசப்ஷன் பெண் ரசீதைத் திருப்பிக் காட்டினாள். பொடி எழுத்தில், நூறு சதவீதம் வருகை இருந்தால்தான் வாபஸ். நைட் டூட்டிக்காரிக்கு நூறு சதவீத வருகையா? அப்புறம் எதற்கு என் டூட்டி நேரத்தை எழுதினார்?

சேரப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு வகுப்பாவது உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஓஇடி இணையதளத்திலேயே மாதிரித் தேர்வு இலவசமாக இருக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். சாயா கொடுத்தால் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

38,000. நாளை வளையலுக்கு வட்டி கட்டப் போக வேண்டும்.