மைனஸ் 60 என்று காட்டிய பெட்டி: சிக்னல் ஜெனரேட்டர் வாங்குபவர்கள் கவனிக்க

மாசி மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, மும்முனை கரண்ட் வந்து ஒரு மணி நேரமாச்சுங்க. ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன், மோட்டார் எடுக்க மாட்டேங்குது. இந்த இருட்டுல கெணத்து மேட்டுக்கு நடக்கோணுமா? பாம்பு கெடக்குற எடமுங்க."

அந்த ரிமோட் ஸ்டார்ட்டர் நான் செய்தது. கணபதியில் சின்னப் பட்டறை. நானும் ஒரு பையனும்தான். உரிமம் வேண்டாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், 866-ல் ஓடுகிற சாதனம். அவர் வீட்டுக்கும் கிணற்றுக்கும் 350 மீட்டர்தான். எங்கள் மேசையில் ஒரு குறையும் இல்லாமல் தேறிய போர்டு அது. அடுத்த வாரமே பல்லடத்திலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் அதே புகார்.

போர்டுகளைச் சோதித்த கருவியில்தான் கோளாறு. கோவையில் ஒரு விற்பனையாளரிடம் 38,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கையடக்க சிக்னல் ஜெனரேட்டர்; நாம் வைக்கிற அலைவரிசையில், வைக்கிற பலத்தில் ரேடியோ அலையைத் தருகிற பெட்டி. 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை, வெளியீடு மைனஸ் 60 டிபிஎம் (அலையின் பலத்தைச் சொல்லும் அளவு; மைனஸ் எண் ஏற ஏற அலை மெலியும்) வரை இறங்கும், கூடவே அளவுத்திருத்தச் சான்றிதழ் என்றார்கள். பெரிய கம்பெனிக் கருவி லட்சங்களில் போகிறது; எனக்கு இது பெரிய வரமாகத் தெரிந்தது.

நான் செய்த சோதனை இதுதான். கருவியில் மைனஸ் 60 வைத்து, வெளியே அலையை மெலிவாக்கும் 50 டெசிபெல் அட்டென்யுவேட்டர் மாட்டினால் ரிசீவருக்கு மைனஸ் 110 போகும். அந்த மெல்லிய அலையையும் உணர்ந்து விளக்கு எரிந்தால் போர்டு தேறியது. 26 போர்டும் தேறின. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், கையால் சால்டர் பண்ணின 26 போர்டில் ஒன்றுகூடவா சொத்தை இருக்காது?

புகார் வந்த பிறகு தற்செயலாகத்தான் பிடிபட்டது. கேபிளைக் கழற்றி வைத்தேன். மேசையில் இருந்த ரிசீவரின் விளக்கு அணையவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினேன், அணைந்தது. பெட்டியின் உடம்பிலிருந்தே அலை கசிகிறது!

பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நண்பர் வேலை பார்க்கிறார். அவரிடம் கொண்டுபோய், எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் போட்டோம். பெட்டியின் திரையில் மைனஸ் 10, மைனஸ் 30, மைனஸ் 60 என்று நான் இறக்க இறக்க, அனலைசரில் கோடு மைனஸ் 4-லேயே நின்றது. மேலே ஏற்றினால் மைனஸ் 1, பிளஸ் 2, பிளஸ் 5 என்று மூன்று மூன்றாக மட்டும் தாவியது. ஆக, என் ரிசீவருக்குப் போனது மைனஸ் 110 அல்ல, மைனஸ் 54. இடைவெளி 56 டெசிபெல், அதாவது நான் நினைத்ததைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு பலமான அலை. அதில் எந்த போர்டுதான் தேறாது?

10 மெகாஹெர்ட்ஸ் வைத்தோம், ஒன்றுமே வரவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைத்தால் 2.5-ல் உயரமான கூர், அதன் இரண்டாம் ஒத்திசை (இரு மடங்கு அலைவரிசையில் வரும் துணை அலை) மட்டும் 5-ல் மெலிதாக. 866-ல் 14 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்றது, சூடேற ஏற இன்னும் நகர்ந்தது.

நண்பர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கவசத் தகடு இல்லை, வெப்பம் மாறினாலும் அலைவரிசை நகராமல் ஈடுகட்டும் ஆஸிலேட்டர் இல்லை, சாதாரணக் கிரிஸ்டல். உள்ளே படிப்படியான அட்டென்யுவேட்டர் என்று ஒன்றுமே கிடையாது. சிப்பின் மேல் எண்ணைச் சுரண்டியிருந்தார்கள். ஆனால் அந்த நான்கு படிகளும், 35 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வராததும் ஏ.டி.எஃப் 4351 என்ற அலை உண்டாக்கும் சிப்பின் குணம். 35-லிருந்து 4400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கான நல்ல சிப்தான் அது; அந்த சிப் வைத்த போர்டு தனியாகச் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. அதைப் பெட்டியில் போட்டு, திரையில் பொய் எண்ணை எழுதி விற்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சான்றிதழையும் அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை போல ஒரு படம் இருந்தது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழில் இருக்க வேண்டிய, ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனியான யு.எல்.ஆர். எண் இல்லை. அளந்த மதிப்புகளும் இல்லை, "சரி" என்று ஒரு வரி மட்டும்.

கடைக்குப் போனேன். "அண்ணா, நீங்க தொறந்துட்டீங்களே, இனி வாரண்டி கெடையாதுங்க" என்றார். அனலைசர் படங்களைக் காட்டினேன். "அது காலேஜ் மெசினு தப்பா காட்டுதுங்க" என்றார்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பாருங்கள். டைனி எஸ்.ஏ. போன்ற சின்ன அனலைசர் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், நடுவில் 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர் மாட்டுங்கள். வெளியீட்டைப் பத்துப் பத்தாக இறக்கச் சொல்லுங்கள். கோடும் பத்துப் பத்தாக இறங்க வேண்டும். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டுக் கசிவு பாருங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள். சான்றிதழ் தந்த ஆய்வகம் எந்த அலைவரிசைக்கு, எந்த அளவுக்கு அங்கீகாரம் பெற்றது என்பதை என்.ஏ.பி.எல். தளத்திலேயே தேடலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது என்று பயமுறுத்துவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. 5 லட்சம் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. கோவை மாவட்ட ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

26 போர்டையும் திரும்ப வாங்கி, கல்லூரி ஆய்வகத்தில் வைத்து மறுபடி சோதித்தோம். ஏழு சொத்தை. ஐந்தில் ஃபில்டரின் அடிப்பக்கம் சால்டரே பிடிக்கவில்லை, இரண்டில் கம்பிச்சுருள் (coil) மாறிப்போயிருந்தது. அன்னூர்ப் பெரியவருக்குப் புது போர்டை நானே கொண்டுபோய் மாட்டி, அவர் வீட்டு வாசல் திண்ணையிலிருந்து பத்துத் தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். காங்கேயத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.